ஆயத்த நாளில் போடாத புஷ்

மயிலாடிக்காரர் ஜெபசீலனுக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. தொட்ட வேலையை முடிக்காமல் கை கழுவ மாட்டார். அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு முந்தின நாள் வேதக்கோயிலில் நடக்கும் ஆயத்த ஆராதனைக்குப் போகாமல் இருக்க மாட்டார். இரண்டும் ஒரே சனிக்கிழமையில் மோதிக்கொண்டன.

1951-ஆம் வருஷம். மலையடிவாரத்தில் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஃபிட்டர் அவர். மண் அள்ளும் ஷவல் அவர் பொறுப்பு. தீனிக்கும் குறைவில்லை, சீக்குக்கும் குறைவில்லை அந்த இயந்திரத்துக்கு. பக்கெட்டை இயந்திரத்தின் இரும்புக் கையோடு கோக்கிற பின் என்ற தடித்த ஆணி தேய்ந்து போயிருந்தது. பின் உட்காருகிற புஷ் என்ற இரும்பு வளையமும் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. தூக்கும்போதெல்லாம் பக்கெட் கடகடவென்று ஆடியது.

புதுப் பின் வந்திருந்தது. புஷ்ஷை ஜெபசீலனே எஃகில் கடைந்து, சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி உரமேற்றி வைத்திருந்தார். ஆனால் பழைய பின்னை அடித்து எடுக்கவே பொழுது சாய்ந்துவிட்டது. பழைய புஷ்ஷை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார்; அசையவில்லை. அதற்குள் நாகர்கோவில் லாரி ஹாரன் அடித்தது. அதை விட்டால் ஆயத்தத்துக்குப் போக வேறு வழியில்லை. பக்கெட் தனியாகக் கிடக்க வேண்டாமே என்று புதுப் பின்னைப் பழைய புஷ்ஷிலேயே சொருகிவிட்டு, மசகு போடுகிற கோலப்பனைக் கூப்பிட்டார்.

"கோலப்பா, புஷ் மாத்தல்ல. திங்கக்கிழம நான் வந்து போட்ட பொறவுதான் இத ஓட்டணும். அதுவரை தொடப்பிடாது, கேட்டியா?"

"நீரு போயிட்டு வாரும் அண்ணே. எனக்கும் சேத்து வேண்டிக்கிடும்," என்றான் கோலப்பன். அவன் வேதக்காரன் அல்ல, அய்யாவழிக்காரன். ஆனால் சாமி விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்கிறவன் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மலையில் மழை இருட்டிக்கொண்டு வந்தது. அதற்கு முன் கொஞ்சம் மண் அள்ளிவிடலாம் என்று மேஸ்திரி ஷவலைக் கிளப்பச் சொன்னார். கோலப்பன் தடுத்தான். "பின் புதுசுதானே?" என்றார் மேஸ்திரி. அண்ணன் கையால் போட்ட புதுப் பின் ஆயிற்றே என்று அவனும் சமாதானமாகிவிட்டான். பக்கெட் கிறீச்சிட்டபோது மசகு டப்பாவோடு அதற்கு அடியில் போனான். தேய்ந்த புஷ்ஷில் ஆடி ஆடிப் புதுப் பின் கழன்றது. பக்கெட் ஒரு பக்கமாகச் சரிந்து அவன்மேல் விழுந்தது.

ஜெபசீலன் அப்பத்தை வாயில் வாங்கி முழங்காலில் நின்றபோது லாரிக்காரன் செய்தியோடு கோயில் வாசலுக்கு வந்தான். அப்பத்தை விழுங்காமலேயே எழுந்து போய் லாரியில் ஏறினார். அன்று சாயந்திரம் நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் கோலப்பன் செத்துப்போனான்.

திங்கட்கிழமை ஜெபசீலன் சொன்னபடியே வந்து புஷ்ஷைப் போட்டார். பழையது நாலு அடியில் கழன்றது. புதியது பிசகாமல் போய் உட்கார்ந்தது. கொட்டுகிற மழையில் சம்மட்டியைக் கட்டிக்கொண்டு அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

கொட்டாரம் ஊரில் கோலப்பன் வீட்டுக்குப் போனபோது அவன் பெண்டாட்டி முத்துக்கனி எழுந்து வந்தாள். ஏசுவாள் என்று எதிர்பார்த்தார். ஏசினால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தார்.

"ஒம்மகிட்ட சொல்லணும்னு சொன்னாவ, அண்ணே. அண்ணன் மேல குத்தமில்ல, நான்தான் சொல்லு கேக்கல்லன்னு. சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனாவ."

அதன் பிறகும் ஜெபசீலன் கோயிலுக்குப் போனார். ஆனால் திருவிருந்து வேளையில் எல்லாரும் எழுந்து முன்னால் போக, அவர் மட்டும் பெஞ்சிலேயே இருந்துவிடுவார். ஒருநாள் வீடு திரும்பும் வழியில் மனைவி தேவகனி பொறுக்காமல் கேட்டாள்.

"ஆண்டவரு மன்னிக்காமலா இருப்பாரு?"

"ஆண்டவரு மன்னிப்பாரு. கோலப்பனும் மன்னிச்சிட்டுத்தான் போனான்." வலது உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "நாலு அடி, தேவகனி. லாரிய விட்டுட்டு இன்னும் நாலு அடி அடிச்சிருக்கலாம்."