பத்திலிருந்து பதினொன்றுக்கு

எனக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் தெரிந்துகொண்டு யாரும் "ஐயோ பாவம்" என்று உச்சுக்கொட்ட வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், அப்பா விட்டுப்போன வீட்டில் தனியாக இருந்தேன். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் டெலிபோன் ஆபரேட்டராக வேலை பார்த்தவள். செல்போன் வந்து என் டெலிபோன் போர்டைத் தூக்கிப்போட்ட பிறகும் முதலாளி என்னை அனுப்பவில்லை. மில்லுக்கு வரும் மெயில்களுக்கு வீட்டிலிருந்தே பதில் தட்டும் வேலையைக் கொடுத்தார். கம்ப்யூட்டர் திரையில் என்ன இருந்தாலும் ஒரு குரல் எனக்கு வாசித்துச் சொல்லும். அதைக் கேட்டுக் கேட்டுத் தட்டுவேன். நான் வைத்திருக்கும் வேகத்தில் மற்றவர் காதுக்கு அது வெறும் வண்டுச் சத்தம்தான். எனக்கு ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்கும்.

அந்தக் குரல் ஒருநாள் காலை, மில் மெயிலுக்கு நடுவில் சம்பந்தமே இல்லாத ஒன்றை வாசித்தது. விண்டோஸ் பத்துக்கு இனிப் பாதுகாப்பு கிடையாது, பதினொன்றுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று. எஸ்கேப்பைத் தட்டி விரட்டினேன். மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். சாவுத் துட்டி சொல்ல வந்தவன் உள்ளேயும் வராமல் போகவும் போகாமல் வாசலிலேயே நிற்பது போல, தினமும் வந்து நின்றது.

ராஜபாளையத்தில் குடும்பத்தோடு இருக்கும் என் தம்பியிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, பழசையே வச்சிருந்தா எவனாச்சும் உள்ள பூந்து எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிருவான். ஞாயித்துக்கெழம வாரேன், மாத்தித் தாரேன்."

"நீ வந்து ஒண்ணும் கிழிக்க வேண்டாம்லே" என்றேன்.

கோபம் வராமல் என்ன செய்யும்? போன தடவை இப்படித்தான், "கிளீன் பண்ணுதேன்" என்று உட்கார்ந்தான். வண்டுச் சத்தம் தலைவலிக்கிறது என்று குரலை அமர்த்தினான். திரும்பப் போடாமலே பஸ் ஏறிவிட்டான். இரண்டு நாள் அந்த ஊமைப் பெட்டிக்கு முன்னால் பேக்கு மாதிரி உட்கார்ந்திருந்தேன். மில்லில் இருந்து ஆள் விட்டுக் கேட்டார்கள். அதற்கும் கடைசியில் அவன் சொன்னது, "இதுக்குத்தாங்க்கா சொல்லுதேன், எங்ககூட வந்து இருன்னு. கீழ ரூம் சும்மாதான் கெடக்கு."

எது நடந்தாலும் பேச்சு அந்தக் கீழ் ரூமில்தான் வந்து முடியும். பால் பொங்கினால் கீழ் ரூம். கேஸ் தீர்ந்தால் கீழ் ரூம். இந்தக் கம்ப்யூட்டரும் மில் சம்பளமும்தான் அவன் வாயை அடைத்து வைத்திருந்தன. இதில் ஒரு தப்பு நடந்தால் போதும், என் மூட்டையைக் கட்டிவிடுவான். அவன் கெட்டவன் இல்லை, பாசக்காரன். அதனாலேயே அவனிடம் எனக்கு அம்புட்டு பயம்.

சோழபுரத்தில் என்னோடு படித்த ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கும் கண் கிடையாது. போன் போட்டுக் கேட்டேன்.

"ஏட்டி, மாத்தும்போது பாதியில குரல் நின்னாலும் நின்னுரும். கண்ணு தெரிஞ்ச ஆளு ஒண்ணு பக்கத்துல இருக்கணும். நான் எங்க வீட்டுக்காரர உக்கார வச்சுல்ல பண்ணேன்."

எனக்கு எந்த வீட்டுக்காரர்? மாற்றினால் ஊமை, மாற்றாவிட்டால் கொள்ளை. என்ன செய்வது என்றே தெரியவில்லை. கம்ப்யூட்டர் விசிறி கொஞ்சம் உரக்கச் சுற்றினால்கூட, உள்ளே எவனோ வந்துவிட்டான் என்று தட்டுவதை நிறுத்திக் காது கொடுத்தேன். குரல் ஒரு வார்த்தையில் திக்கினால் அதைத் திரும்ப வாசிக்க வைத்தேன். இப்படியே பயந்து சாவதற்கு நாமே முடித்துவிடலாம் என்று ஒரு மத்தியானம் துணிந்தேன். உதவி எண் என்று தேடினேன். முதலில் வந்த எண்ணுக்குப் போன் போட்டேன்.

எடுத்தவன் குரலில் அவ்வளவு மரியாதை. மூச்சுக்கு மூச்சு மேடம். இந்தப் பக்கத்துப் பேச்சு இல்லை, டிவியில் செய்தி வாசிப்பவர் போலப் பேசினான். சின்ன புரோகிராம் ஒன்றை ஏற்றச் சொன்னான். ஏற்றினேன். அதில் வந்த ஓர் எண்ணைக் கேட்டான். சொன்னேன்.

"பின்னாடி என்ன மேடம் சத்தம்?"

"டிவி" என்றேன், பெட்டி வாசிக்கும் குரலை மறைத்து.

கண் தெரியாது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்கு மனப்பாடம். "வீட்ல வேற யாராச்சும் இருந்தா குடுங்க." பேங்கிலும் அதுதான், கேஸ் ஆபீஸிலும் அதுதான். என் காரியத்தைப் பேச நான் போதாது அவர்களுக்கு.

"இப்ப ஸ்கிரீன் முழுக்கக் கருப்பாயிடும் மேடம். பயப்படாதீங்க, அப்டேட் ஓடுதுன்னு அர்த்தம். எதையும் தொடாதீங்க. காபி குடிங்க, நானே கூப்பிடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

கருப்பானதோ வெள்ளையானதோ, எனக்கென்ன தெரியும்? தோழி சொன்னதுபோலக் குரல் எப்போது நிற்கும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது நிற்கவில்லை.

"டாக்குமெண்ட்ஸ்" என்றது. நான் எதையும் தொடவில்லை. "மில் கடிதங்கள்" என்றது. அப்டேட் எல்லாவற்றையும் சரிபார்க்கிறது போல என்று நினைத்தேன். "வீட்டுப் பத்திரம்" என்றது. செத்த நேரம் சும்மா இருந்தது. "ஆதார், திறக்கப்பட்டது." பிறகு, "பாஸ்புக், திறக்கப்பட்டது." அப்புறம் தேடும் கட்டத்துக்குள் போய், குரல் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தது. பி. ஏ. எஸ். எஸ்.

பாஸ்வேர்டைத் தேடுகிறான்! என் வீட்டில், என் நாற்காலிக்கு முன்னால், எவனோ ஒருவனின் விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன. என்னைப் பார்க்கவிடாமல் செய்யத்தான் திரையைக் கருப்பாக்கியிருக்கிறான் களவாணிப்பயல். பாய்ந்துபோய்ச் சுவரில் இருந்த சுவிட்சை அமர்த்தி, வயரையும் பிடுங்கிப் போட்டேன்.

உடனே போன் அடித்தது.

"மேடம், ஏன் ஆஃப் பண்ணீங்க? பாதியில நின்னா மெஷினே போயிடும்."

"ஆதார எதுக்குலே தொறந்த? பாஸ்புக்க எதுக்குலே தொறந்த?"

"அதெல்லாம் இல்ல மேடம். ஸ்கிரீன் கருப்பாத்தானே இருந்துச்சு?"

"எனக்கு எப்பவுமே கருப்புத்தாம்லே! பொறவியிலயே கண்ணு கெடையாது. நீ தொட்டதையெல்லாம் பெட்டி எனக்கு வாசிச்சுச் சொல்லிருச்சு, போ!"

சொன்னபோது எனக்கு எம்புட்டு பெருமை! கண் தெரிந்த திருடனைக் கண்ணில்லாதவள் பிடித்துவிட்டேனே என்று நெஞ்சு நிமிர்ந்தது. வைத்துவிட்டான் என்று நினைத்தேன். பிறகு கேட்டான். பேச்சில் இருந்த மேடம் போய்விட்டது, அவசரமும் இல்லை.

"அப்ப வீட்ல வேற யாரும் இல்லையா?"

என் கதவு எண்ணைச் சொன்னான். தெருப்பெயரைச் சொன்னான். மடவார் வளாகம் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னான். ஆதாரைப் பார்த்து வாசிக்கிறான் என்பது புரிந்தது. போனை வைத்துவிட்டு முன்கதவுக்கு ஓடினேன். இத்தனை வருஷத்தில் என் வீட்டுக்குள் முதல் முறையாக மேசையில் இடித்துக்கொண்டேன்.

மேல் தாழ்ப்பாள், கீழ் தாழ்ப்பாள் இரண்டையும் போட்டேன். பேங்குக்குப் பேசிக் கணக்கை நிறுத்தச் சொன்னேன். அதில் ஒன்றும் போகவில்லை என்றார்கள். அந்த நிம்மதி மனதுக்குள் இறங்கவே இல்லை. கோயில் நடை சாத்திய மத்தியான நேரம், தெருவில் ஆள் அரவம் இல்லை. ஒரு பைக் வந்து நின்றது. யார் வீட்டு வாசலில் என்று என்னால் கணிக்க முடியவில்லை. அப்போது கதவைத் தட்டினார்கள்.

"யாரு?"

"தண்ணி கேனுக்கா."

பல வருஷமாகத் தண்ணீர் போடுகிறவன். கேனைத் தரையில் வைக்கும் சத்தத்திலேயே அவன்தான் என்று சொல்லிவிடுவேன். அன்று அந்தக் குரலை நம்ப முடியவில்லை. அவனாகத்தான் இருக்கும் என்று தெரிந்தும் தாழ்ப்பாளில் இருந்து கை எழவில்லை. "இன்னைக்கு வேண்டாம்ப்பா" என்றேன். அவன் போனபிறகு தம்பிக்குப் போன் போட்டேன். "வாலே" என்று சொல்வதற்குள் அழுதுவிட்டேன்.

அன்று சாயங்காலமே காரை எடுத்துக்கொண்டு வந்தான். திட்டுவான் என்று பார்த்தேன். திட்டவில்லை. நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, பெட்டியில் திருடன் ஏற்றச் சொன்னதைத் துடைத்து எடுத்து, விண்டோஸ் பதினொன்றை ஏற்றினான். குரல் நிற்கவில்லை, மாறவும் இல்லை. பழைய வேகத்திலேயே வண்டு மாதிரி பேசியது. இதற்குப் போயா இத்தனை நாள் பயந்து செத்தேன்!

"சேலையெல்லாம் எடுத்து வைக்கா" என்றான் தம்பி.

வேண்டாம் என்று சொல்ல எத்தனையோ வருஷமாக எவ்வளவோ பேச்சு வைத்திருந்தேன். உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தேன். அவன் கம்ப்யூட்டரைத் துண்டில் சுற்றிக் காரில் வைத்தான். என்னைக் கைப்பிடித்துப் படி இறக்கினான். அந்தப் படிகளில் யாரும் என்னை அதுவரை கைப்பிடித்து இறக்கியதில்லை. பிறகு திரும்பிப் போய் வீட்டைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தான். சாவி அவன் சட்டைப்பையில் சில்லறையோடு விழுந்தது. கொடு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.