அடிக்காய் பார்த்த கேசட்

அந்த மஞ்சள் கேசட்டின் வாயில் உதட்டை வைத்து ஊதினால், சூடேறிய பிளாஸ்டிக் வாடையும் ஏலக்காய் வாசமும் ஒன்றாக மூக்கில் ஏறும். போடியில் எங்கள் வீட்டு முன்னறைதான் அப்பாவுக்குக் கடை; மெட்டு மலையிலிருந்து ஜீப்பில் இறங்கும் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவேதான் டிவியும் இருந்தது என்பதால், நாங்கள் தின்றது, உடுத்தியது, விளையாடியது எல்லாவற்றிலும் அந்த வாசம் உண்டு.

"டிவி கேம்" என்று ஊரே சொன்ன அந்தப் பெட்டியை, முழுப்பரீட்சை லீவில் அண்ணன் செந்திலும் நானும் கெஞ்சிக் கூத்தாடி வாங்க வைத்தோம். பெட்டிக்குள் தனியாக எதுவும் கிடையாது, ஆட்டம் மொத்தமும் கேசட்டில்தான். சொருகி சுவிட்சைப் போட்டால் கண் சிமிட்டுவதற்குள் வந்துவிடும். கேசட்டின் மேல் 9999 ஆட்டம் என்று தாள் ஒட்டியிருந்தது. அதுதான் அப்பாவுக்கு உறுத்தியது.

"பத்தாயிரத்துக்கு ஒண்ணு குறையுதே, அந்த ஒண்ண எவன் தின்னான்?" என்றார்.

ஏலக்காய் வாங்குகிறவர்கள் மூட்டையின் மேல்வாயை நம்புவதில்லை. மேலே நல்ல பச்சைக் காயைப் பரப்பி அடியில் வெளிறிய காயை வைத்துக் கட்டுகிறவர்கள் உண்டு என்பதால், முழங்கை மறைய உள்ளே விட்டு "அடிக்காய்" அள்ளிப் பார்ப்பதுதான் வழக்கம். அப்பா கேசட்டையும் அப்படித்தான் பார்த்தார். "முதல் ஆட்டம் வேணாம்ப்பு, கடைசிய எடு" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அண்ணன் விரல் சிவக்கப் பொத்தானை அழுத்திப் பட்டியலின் அடிவரைக்கும் போனான். வந்தது, முதலில் இருந்த அதே டாங்கி ஆட்டம். டாங்கியின் நிறம் மட்டும் வேறு.

"மேலாக்க மட்டும் பச்சை" என்று சொல்லிக் கேசட்டைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டார். திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டார் என்று தெரிந்ததும் அண்ணன் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான். நான் பரமசிவனை வேண்டிக்கொண்டே அப்பா பின்னால் பஜாருக்கு ஓடினேன்.

கேசட் விற்ற கடைக்காரர் அசரவில்லை. "அண்ணே, நீங்க காய எண்ணியா விக்கிறீக?"

"எண்ணி விக்கல. இம்புட்டு இருக்குன்னு எழுதி ஒட்டவும் இல்ல. நெசமா எத்தனை இருக்கு?"

"ஏழெட்டு தேறும்ணே."

"அப்ப அதச் சொல்லு."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அது போதுமா ஆத்தா?" நான் தலையாட்டியதும், அந்தத் தாளை நகத்தால் சுரண்டி எறிந்துவிட்டுக் கேசட்டை என் கையில் கொடுத்தார். அந்த ஏழெட்டும் கேசட் தேயும்வரை எங்களுடையதாகவே இருந்தன.

இப்போது என் மகன் கார்த்தியிடம் இருப்பது "கன்சோல்". போன வாரம் மதுரையில் புது ஆட்டம் ஒன்று வாங்கி வந்து, பளபளக்கும் அந்த வட்டத் தட்டை உள்ளே தள்ளினான். ஆட்டம் வரவில்லை.

"தட்டுல கொஞ்சம்தான்மா. மிச்சம் நெட்டுல இறங்கணும். இப்ப ஆட்டமெல்லாம் அம்புட்டுப் பெருசு."

"மிச்சம் யார்ட்ட இருக்கு?"

"கம்பெனிக்காரன்ட்ட."

"அவன் கடையச் சாத்திட்டா?"

"நல்லதா ஒரு வார்த்தை வராதாம்மா ஒனக்கு?"

அதற்குள், இடம் போதாது, பழையது ஒன்றை அழி என்று திரையில் வந்தது. உள்ளே அதிக இடத்தை அடைத்திருந்தது, திருவிழாவுக்குத் திருவிழா வருகிற செந்தில் மாமாவும் அவனும் பாதியில் நிறுத்தி வைத்திருந்த கிரிக்கெட் போட்டி. அதற்குத் தட்டே கிடையாது, முழுக்க நெட்டில் இறக்கியது. அழித்தாலும் மறுபடி இறக்கிக்கொள்ளலாம், ஆடிய கணக்கு தனியே பத்திரமாக இருக்கும் என்றான். எங்கே பத்திரம் என்று கேட்டேன். "கிளவுடுல" என்று மேலே கையைக் காட்டினான். மேலே பரமசிவன் இருப்பது எனக்குத் தெரியும். வேறு யார் இருக்கிறார்கள் என்று தெரியாது.

நான் அதிகம் படித்தவள் இல்லை, அவன் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனாலும், நேரில் போய் நின்று கேட்க ஒரு கடைக்காரர் முகம்கூட இல்லாத சரக்கை எப்படி நம்புவது?

"மாமன் வந்து கேட்டா என்ன சொல்லுவ?" என்று மட்டும் கேட்டேன்.

"நம்பலாம்மா" என்றான். ஆனால் விரல் அழுத்தவில்லை. புதுத் தட்டு உறைக்குள் போய்விட்டது. சித்திரைத் திருவிழாவுக்கு மாமா வந்து போட்டியை முடித்துவிட்டுப் போகட்டும் என்கிறான். அதுவரைக்கும் கன்சோல் பக்கம் துடைக்கக்கூட என்னை விடுவதில்லை.