தெரேஸ் மதாமும் நான் திருட்டுத்தனமாகக் கொடுத்த நோட்ஸும்

செவ்வாய்க்கிழமை காலை தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து முருகன் போன் செய்தான். பின்னால் மீன் ஏலச் சத்தம். "சார், நம்ம மதாம் போயிட்டாங்க சார்." தெரேஸ் மதாமிடம் பத்தாம் வகுப்பு படித்தவன் அவன், இப்போது மீன் வியாபாரி. எனக்கு அழுகை வரவில்லை. ஐயோ, கடைசிவரை சொல்லாமலே விட்டுவிட்டோமே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

நம் பள்ளியில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஆங்கிலத்துக்கு 'ஏ' பிரிவு அவர், 'பி' பிரிவு நான். நான் நோட்ஸ் சொல்லி எழுத வைக்கிறவன். அவரோ விடை சொல்ல வாயே திறக்க மாட்டார். "ஸ்பூன் ஃபீடிங்" என்பது அவருக்குக் கெட்ட வார்த்தை. மாணவன் யோசிக்க வேண்டியதை வாத்தியாரே யோசித்து ஊட்டிவிட்டால் ஆங்கிலத்தில் அதற்கு அப்படிப் பெயர். பெரும்பாலும் என்னைப் பார்த்துத்தான் சொல்வார்.

முருகன் படித்த வருடம் அரையாண்டுத் தேர்வில் அவர் வகுப்பில் பாதிப்பேர் ஃபெயில். எனக்குப் பொறுக்கவில்லை. "புள்ளைங்க வாழ்க்கை மதாம்! ஊட்டித்தான் விடுங்களேன், என்ன கொறஞ்சிடும்?"

"பல்லு மொளச்ச புள்ளைக்கு இன்னும் கஞ்சியே ஊத்துவீங்களா சார்?" என்றார்.

அன்றே என் நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்து முருகனிடம் கொடுத்தேன். "எல்லாருக்கும் குடு. மதாமுக்குத் தெரியக் கூடாதுடா." பொதுத்தேர்வில் ஒருவர்கூடத் தவறவில்லை. மதாம் வீட்டிலிருந்து கேக் செய்து வந்து முதல் துண்டை எனக்கு நீட்டினார். "பாத்தீங்களா சார், தானாவே சாப்புடுதுங்க!" அசடு வழிய வாங்கித் தின்றேன். சொன்னால் உடைந்துபோவார் என்று எட்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அடக்கம் முடிந்ததும் கல்லறை வாசலில் முருகனிடம் புலம்பினேன். "அவங்கள ஏமாத்திட்டோம்டா."

அவன் திருதிருவென்று விழித்தான். "சார்... மதாமுக்கு அப்பவே தெரியும். நான் பயந்துபோயி அவங்க கையிலயே குடுத்துட்டேன். கிழிச்சிப் போடுவாங்கன்னு பாத்தா, ஆளுக்கொரு காப்பி குடுத்து, 'இதுல எங்கெங்க தப்பு, கண்டுபுடிங்க'ன்னாங்க. பரீட்சை வரைக்கும் அதான் சார் எங்களுக்குப் பாடம்."

"தப்பு இருந்துதா?"

தரையைப் பார்த்தான். "நெறைய சார்."

பிள்ளைகளைத் தேறவைத்தது நானா, அவரா? அந்தக் கேக் நன்றியா, நக்கலா? கோபப்படுவதா, கும்பிடுவதா? ஒன்றும் புரியவில்லை. மதாம் எனக்கென்று விட்டுப்போனது இந்தக் குழப்பமும் ஒரு வீட்டுப்பாடமும்தான். மூன்று நாளாக அந்தப் பழைய நோட்ஸைப் பிரித்து வைத்துத் தேடுகிறேன். இரண்டே தப்புதான் கிடைத்திருக்கிறது. மீதி எங்கே என்று கேட்டால், முருகன் சொல்ல மாட்டேன் என்கிறான்.