வலது மணிக்கட்டில் வெனிலா

வாசனை விற்கிறவளுக்குச் சொந்த வாசனை என்று ஒன்று கிடையாது. கடை எதை விற்கிறதோ அதுதான் அவள்மேல் வீசும். தொண்ணூறுகளின் கடைசியில் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சென்ட் கடையில் சேர்ந்து பல வருஷம் நின்றேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால், இதற்கா இவ்வளவு கோபம் என்பார்கள்.

காகிதம் கிடையாது

முதலாளி பாலக்காட்டுத் தமிழர். முகர்ந்து பார்க்கக் காகிதத் துண்டு வைக்க மாட்டார். விற்கிற பெண்தான் தன் கையில் பூசிக் காட்ட வேண்டும். எனக்கு இடது மணிக்கட்டில் ரோஜா, முழங்கை மடிப்பில் சந்தனம், வலது மணிக்கட்டில் வெனிலா. என்னோடு நின்ற ஷைலஜாவுக்கு மற்றதெல்லாம்.

அந்த வெனிலா அப்போது புதுசு. கல்லூரிப் பெண்கள் அதைத்தான் கேட்பார்கள். பூசியதும் சர்க்கரை கருகுகிற வாசனை. அரைமணியில் கேக். மத்தியானத்துக்கு மேல் கொச்சி வேர்வையோடு சேர்ந்து, நேற்றைய பால்பாயசம். அதன் மேலேயே அடுத்தவருக்காக இன்னொரு சொட்டு. எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். சேர்ந்த மாதமே காகிதம் கேட்டேன். முதலாளி சொன்னார்: "காயிதத்துல என்ன தெரியும்? மனுஷத் தோல்ல பூசினாத்தான் வாசனை தெரியும், கேட்டியா!"

கும்பளங்கிக் கல்யாணம்

கும்பளங்கிப் பெண் ஒருத்தி தங்கை கல்யாணத்துக்கு வெனிலா வாங்கினாள். "உங்க கையில பூசிட்டு ஒரு மணி நேரம் சுத்திட்டு வாங்க, இது மாறும்" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே? கழுத்து, தலைமுடி, புடவை என்று முழுக் குப்பியையும் கவிழ்த்துக்கொண்டு பந்தலுக்குப் போயிருக்கிறாள்.

மூன்றாம் நாள் கடை நிறைய ஆள் இருக்கும்போது வந்து கத்தினாள். எச்சரித்தவள் நான், திட்டு வாங்கியவளும் நானே. "சேச்சி, பந்திக்கு வந்தவங்க எல்லாம் பாயசம் அடிபிடிச்சிருச்சுன்னு அடுக்களைக்கு ஓடினாங்க, தெரியுமா!"

படகுத் துறையில்

சாயங்காலம் எறணாகுளம் படகுக்கு வரிசையில் நிற்பேன். ஒரு நாள் முன்னால் காலி மீன்கூடையோடு ஒரு சேச்சி. திரும்பி என்னைப் பார்த்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றார். எனக்குச் சுருக்கென்றது. மீன்கூடை என்னைவிட்டு விலகுவதா? முறைத்தேன். அவர் முறைக்கவில்லை, பரிதாபப்பட்டார். அதுதான் இன்னும் எரிச்சல். "மோளே, என் மீன் நாத்தம் குளிச்சாப் போயிரும். உன்னோடது போகுமா?"

வைட்டிலாக்காரர்

வைட்டிலாவில் கார் சாமான் கடை வைத்திருந்த ஒருவர் சனிக்கிழமை தோறும் வருவார். ஒன்றும் வாங்க மாட்டார். என் வலது மணிக்கட்டைப் பிடித்து மூக்கருகில் கொண்டுபோவார், விட மாட்டார். இழுத்தால், "இருக்கட்டும், இது மாறும்னு நீதானே சொன்னே" என்பார். முதலாளியிடம் இரண்டு தடவை சொன்னேன். கஸ்டமர் மணம் பார்க்காமல் எப்படி வாங்குவான் என்றார். அப்பா முனிசிபாலிட்டி வேலையிலிருந்து ஓய்வுபெற்று நோயில் படுத்திருந்தார். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. உதறிவிட்டுப் போக முடியவில்லை.

ஆறாவது வருஷம் ஒரு சனிக்கிழமை, அவர் கை நீளும்போதே எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. குப்பியை எடுத்தேன். பக்கத்தில் நின்ற முதலாளியின் கையை இழுத்து, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஊற்றினேன். "இந்தாங்க சேட்டா, முதலாளி கை. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பிடிச்சுட்டு நில்லுங்க" என்றேன். அவர் நிற்கவில்லை. அப்புறம் கடைப்பக்கமே வரவில்லை.

முதலாளி குழாயடிக்குப் போய்ச் சோப்பு, எலுமிச்சை என்று தேய்த்துக்கொண்டே இருந்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். திங்களன்று கடைக்குப் போனால், கவுண்டரில் ஷைலஜா காகிதத்தைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தாள். மனுஷனுக்கு ஒருவழியாக உறைத்துவிட்டது என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் கத்தரியை நிறுத்தாமலே சொன்னாள்: "ரொம்ப சந்தோஷப்படாதே. உனக்காக ஒண்ணும் இல்ல. முதலாளிக்கு ரெண்டு நாளா அந்த மணத்துல தலைவலியாம்."

என் ஆறு வருஷக் கைக்குக் கிடைக்காத காகிதம், முதலாளியின் இரண்டு நாள் தலைவலிக்குக் கிடைத்தது.