வலது காலை அடக்குதல்

திங்கட்கிழமை காலை ஏழு ஐம்பதுக்கு என் தங்கையின் வீட்டுக்காரர் போன் செய்தார். யோகா வகுப்பிலேயே அவள் இறந்துவிட்டாள். மாரடைப்பு. கண்ணை மூடி உட்கார்ந்தவள், மற்றவர்கள் எழுந்த பிறகும் எழவில்லை. ஒருவழியாக அவளுக்குப் பிரத்தியாகாரம் கைகூடிவிட்டது என்று நினைத்து, எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி வெளியே போயிருக்கிறார்கள். இது வேறு யாருக்காவது நடந்ததாகக் கேட்டிருந்தால் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள்.

பிரத்தியாகாரம் என்றால் புலன்களை வெளியுலகத்திலிருந்து உள்ளே இழுத்துக்கொள்வது. அவளைவிட அது தேவைப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை. பத்தொன்பது வருடமாக, ஒரே ஒரு காரை வைத்துக்கொண்டு டிரைவிங் ஸ்கூல் நடத்தினாள். பயிற்சி வண்டியில் சொல்லித்தருபவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதை மிதித்து மிதித்து அவளுடைய வலது கால் அவள் பேச்சைக் கேட்பதையே விட்டுவிட்டது. டிவியில் லாரி வந்தால் சோபாவில் இருந்தபடியே தரையை அழுத்தும். பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் முதுகில் உதை விழும். தூக்கத்தில் மாப்பிள்ளை வாங்கிய உதைகளுக்குக் கணக்கே இல்லை.

"ஒரே ஒரு தடவ, வேற யாராவது ஓட்டுற கார்ல சும்மா சாஞ்சு உக்காந்து வேடிக்கை பாத்துக்கிட்டே போகணும்ணா," என்பாள். அதற்காகத்தான் யோகாவில் சேர்ந்தாள்.

கண் சீக்கிரமே அடங்கியது. ஹாரன் சத்தத்தில் ஊறிய காது, தகராறு செய்யவில்லை. கிளட்ச் கருகும் வாடையைக்கூட மூக்கு விட்டுக்கொடுத்தது. கால் மட்டும் மசியவில்லை. "பாதம் எந்தப் புலன்ல சேர்த்தி?" என்று யோகா டீச்சரைக் கேட்டாளாம். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "தோலோட சேத்துக்கோங்கம்மா" என்றாராம்.

அந்தக் காலிடம் மாட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். அவளிடம் ஓட்டப் பழகி, மூன்று முறை லைசென்ஸ் தேர்வில் தோற்றேன். மூன்று முறையும் ஒரே தப்பு. நிற்க வேண்டிய கோட்டில் நிற்காமல் போய்விட்டேன். மூன்றாவது முறை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி என்னைவிட வெளிறிப்போய் இறங்கினார்.

"என்னண்ணா, பிரேக்க மறந்துட்டியா?"

"மிதிச்சேனே! உன்கூட வரும்போது லேசா தொட்டாலே நிக்குது. இன்னிக்கு வண்டி சொன்ன பேச்சு கேக்கல."

அவள் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "திட்டாதண்ணா. இந்த ஏழு மாசத்துல நீ ஒரு தடவகூட வண்டிய நிறுத்தல. எல்லாம் நான்தான்."

"அடிப்பாவி! நான் என்னமோ பெரிய டிரைவர்னு ஆபீஸ் பூரா சொல்லி வெச்சிருக்கேன்."

"நீ தொடுறதுக்கு முன்னாடியே என் கால் போயிடுது. நான் என்ன பண்ணட்டும்?"

அவள் இறப்பதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். சீட்டைப் பின்னுக்குத் தள்ளிச் சம்மணம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் இல்லேன்னு நெனச்சுக்கிட்டு ஓட்டு."

"அப்புறம் யாரத் திட்டிக்கிட்டு ஓட்டுறது?"

முதல் சிக்னலில் அவள் முழங்கால் துடித்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மார்க்கெட் வளைவில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. நான் மிதித்த மிதியில் வண்டி குலுங்கி அணைந்தது. சம்மணம் கலையவில்லை.

"யாரு போட்டா?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"நான்."

"நெஜமா?"

"உன் கால் மேல சத்தியமா."

அதன் பிறகுதான் கண்ணைத் திறந்தாள். நன்றாகச் சாய்ந்துகொண்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தாள். "இங்க பேக்கரி எப்ப வந்துச்சு?"

"பன்னண்டு வருஷமா இருக்கு. தினமும் அத தாண்டித்தான் போற."

"அப்படியா!" என்று கழுத்தைத் திருப்பி அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

என் வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்தும்போது பின்சக்கரத்தை நடைபாதை மேல் ஏற்றிவிட்டேன். "அது தனிப் பாடம். நாளைக்குச் சாயங்காலம் வந்து நேரா நிறுத்தச் சொல்லித்தரேன். அதுவரைக்கும் கைய வெக்காத," என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனாள்.

வண்டி இன்னும் கோணலாகத்தான் நிற்கிறது.