கழுவாத பெட்டி

கழுவவில்லை. கழுவிவிட்டேன் என்று சொன்னேன். என் குற்றம் இவ்வளவுதான்... ஆனால் அந்த ஒரு சொல்லால் ஒரு பெண் பித்தலாட்டக்காரி ஆகிவிட்டாள்!

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். காலாப்பட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாள். சூரிய மின்தகடு செய்ய, கண்ணாடிமேல் செம்பு, துத்தநாகம், வெள்ளீயம் மூன்றையும் மெல்லிய படலமாகப் பூசி, ஒரு கிராஃபைட் பெட்டிக்குள் கந்தகத்தோடு வைத்து உலையில் சுடுவார்கள். எல்லாம் சேர்ந்து ஒரே பொருளாக வேண்டும். ஆவதில்லை. நடுவில் ஒரு மாதிரி, ஓரத்தில் ஒரு மாதிரி. வேண்டாத கலவைகள் திட்டுத்திட்டாகச் சேர்ந்துவிடும். ஒவ்வொரு சூட்டுக்கும் முன் அந்தப் பெட்டியைச் சுரண்டி, அமிலத்தில் கழுவிக் காயவைப்பது என் வேலை.

பூங்கொடி அங்கே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தாள். பக்கத்துக் குப்பத்து மீனவர் வீட்டுப் பெண்.

அன்று காலை எனக்கு ஒரே பதற்றம். முத்தியால்பேட்டை வீட்டில் கேஸ் அடுப்பை மூடினேனா, இல்லையா? பெட்டியை மேசைமேல் அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். மூடித்தான் இருந்தது! திரும்பி வருவதற்குள் அவள் அதே பெட்டியை உலையில் ஏற்றிவிட்டாள்.

"எங்கண்ணே போயிட்டீங்க? இன்னிக்கும் கேஸா?" என்று சிரித்தாள். "பொட்டி கழுவுனதுதானே?"

"கழுவிட்டேம்மா."

ஏன் சொன்னேன்? அவள் திட்டவே மாட்டாள். தெரியும். ஆனாலும் வாய் முந்திக்கொண்டது...

அந்தப் படலம்தான் அருமையாக வந்தது! ஓரத்திலும் நடுவிலும் ஒரே அளவு. ஒரு திட்டுகூட இல்லை. அவள் அதைக் கட்டுரையாக எழுதினாள்.

அதன்பின் ஒருமுறைகூட அப்படி வரவில்லை. மாதக்கணக்கில் சுட்டாள். நானோ பயத்தில் பெட்டியை முன்னைவிட அழுத்தித் தேய்த்தேன். வெளியூர் ஆய்வுக்கூடங்களும் செய்து பார்த்து, வரவில்லை என்று எழுதின.

"ஒரு தடவ வந்தது ஏன் மறுபடி வரல? நம்பர இட்டுக்கட்டுனியா?" பேராசிரியர் என் முன்னாலேயே கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். "அண்ணே, நீங்களே சொல்லுங்க. எல்லாம் ஒரே மாதிரிதானே பண்ணோம்?"

தலையாட்டினேன்.

பொய்க் கணக்கு என்று கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அவள் ஆராய்ச்சியை விட்டாள். இப்போது சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறாள்.

போன மாதம், புதிதாகச் சேர்ந்த மாணவிக்குப் பேராசிரியர் விளக்கினார். "சூட்டுல வெள்ளீயம் ஆவியா ஓடிடும்மா. அதான் கலவை கெடுது. பொட்டிக்குள்ளயே கொஞ்சம் வெள்ளீயம் வச்சிட்டா ஓடாது."

நான் கழுவாமல் விட்ட பெட்டியில், முந்தைய சூட்டின் வெள்ளீயம் படிந்திருந்ததே! அப்படியானால் அவள் எழுதிய எண் ஒவ்வொன்றும் நிஜம்...

அந்த மாணவி விவரமானவள். "சார், பூங்கொடி அக்காவுக்கும் இப்படித்தான் வந்திருக்குமோ? பொட்டில பழசு ஏதாச்சும் ஒட்டியிருந்து..."

பேராசிரியர் சிரித்தார். "இவர் கழுவுற பொட்டியிலயா? ஒண்ணுக்கு மூணு தடவ கழுவுற ஆளு! என்னய்யா, ஒரு நாளாச்சும் கழுவாம உட்டிருக்கியா?"

கேள்வி நேராக என்னிடம் வந்தது. இதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்க்குமா, சொல்லுங்கள்?

"இல்ல சார்" என்றேன்.

பூங்கொடியின் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. உங்களிடம் சொல்லிவிட்டேன்... அவளிடம் இன்னும் சொல்லவில்லை.