விண்மீன் வாயுவும் மூன்று நடுவர்களும்

அறிவியல் ஆசிரியப் பணி என்பது, தெரிந்த ஒன்றைச் சொல்வதற்குத் தெரியாதவர்களிடம் அனுமதி வாங்கும் பணி. சுண்ணாம்புத் தூளோடு அவமானத்தையும் சேர்த்து விழுங்கிய சக ஆசிரியப் பெருமக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் பிற்பாதியில், ஆவடிக்கு அருகே ஒரு பெண்கள் பள்ளியில் நான் விழுங்கியவை இவை. இன்றுவரை செரிக்கவில்லை.

எத்தனை மார்க்?

எங்கள் தமிழ்வழி வகுப்பு ஆண்டுதோறும் மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு எரிமலையையோ மண்புழுவையோ கொண்டுபோய், ஆறுதல் பரிசோடு திரும்பும். முதல் பரிசு பெறும் படைப்பு மாநிலக் கண்காட்சிக்குப் போகும். நாங்கள் ஒருமுறையும் போனதில்லை. அந்த ஆண்டு போயே தீருவது என்று முடிவு செய்தேன்.

ஓர் அறிவியல் இதழில் படித்திருந்தேன். குளிர்ந்த மூலக்கூறு வாயு திரண்டு சுருங்கித்தான் விண்மீன்கள் பிறக்கின்றன. பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் விண்மீன் திரள்களில் இந்த வாயு ஏராளமாக இருந்தது. விண்மீன்களாக மாறி மாறி, இன்று சொற்பமாகிவிட்டது. இதை ஐந்து படங்களாக்கினோம். வாயுவுக்கு நீலம், விண்மீனுக்கு மஞ்சள். இடக்கோடியில் பழங்காலம், வலக்கோடியில் இன்று. ஒவ்வொன்றின் கீழும் காலத்தைச் சொல்லும் தனிச் சீட்டு. பத்தாம் வகுப்புச் செல்வி, தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து வருபவள், பதினைந்து நாள் உட்கார்ந்து வண்ணம் தீட்டினாள். தலைமையாசிரியை படங்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "எல்லாம் சரி டீச்சர், இது பப்ளிக் பரீட்சையில எத்தனை மார்க் கேள்வி?"

மண்புழு

ஆசிரியர் அறையில் ஆங்கிலவழிப் பிரிவின் இயற்பியல் ஆசிரியை விளக்கம் கேட்டார். கேட்டாரே என்று மகிழ்ந்து சொன்னேன்: குளிர்ந்த ஹைட்ரஜன் மூலக்கூறு எளிதில் கண்ணுக்கு அகப்படாது, அதனோடு கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடு அனுப்பும் ரேடியோ அலைதான் அதைக் காட்டிக்கொடுக்கிறது, எவ்வளவு தொலைவில் பார்க்கிறோமோ, அவ்வளவு பழைய காலத்தைப் பார்க்கிறோம். அவர் தயிர்சாதத்தை முடிக்கும்வரை தலையசைத்துவிட்டு டப்பாவை மூடினார். "எங்க இங்கிலீஷ் மீடியம் பிள்ளைங்களுக்கே இது தலைக்கு மேல போகும். உங்க பொண்ணுங்களுக்கு மண்புழு போதாதா டீச்சர்?"

ஏறுமுகம்

கண்காட்சி பூந்தமல்லியில் நடந்தது. காலையில் எனக்குத் தேர்வு மேற்பார்வைப் பணி. நண்பகலில்தான் போய்ச் சேர்ந்தேன். சீட்டுகள் அப்படியே இருந்தன. படங்கள் மட்டும் வலம் இடமாக மாற்றிக் குத்தப்பட்டிருந்தன. பேரண்டத்தில் வாயு நாளுக்கு நாள் பெருகி, விண்மீன்கள் ஒவ்வொன்றாக அணைந்துபோவதாக என் பள்ளியின் பெயரால் ஒரு பொய் தொங்கியது. அதன் மேல் முதல் பரிசு அட்டையும் தொங்கியது.

பக்கத்தில் செல்வி அழுது சிவந்த கண்ணோடு நின்றாள். "தப்பு சார்" என்று இருமுறை சொன்னவளை, "வாயை மூடிக்கிட்டு நில்லு" என்று அடக்கியிருக்கிறார் கண்காட்சிப் பொறுப்பாளர். படங்களை மாற்றியவரும் அவரே. ஏன் என்று கொதிப்போடு கேட்டேன். அவரோ குழந்தைக்குச் சோறூட்டும் பொறுமையோடு பதில் சொன்னார். "அதிகாரி வர்ற நேரத்துல நீலமெல்லாம் கொறைஞ்சுக்கிட்டே போற மாதிரி காட்டலாமா டீச்சர்? சார்ட்டுன்னா ஏறணும்!"

நாற்காலி

தேநீர் அருந்திக்கொண்டிருந்த நடுவர்கள் மூவரிடமும் நேரே போய் உண்மையைச் சொன்னேன். பின்னாலேயே ஓடிவந்த பொறுப்பாளர், "பரிசு வாங்கின தப்பை யாராவது திருத்துவாங்களா?" என்று சிரித்தார். மூவரும் கூடிப் பேசினார்கள். தாங்கள் மதிப்பிட்டது சுவரில் இருக்கும் வரிசையைத்தானாம். அதை மாற்றினால் படைப்பு வேறாகிவிடுமாம், பரிசு இரத்தாகுமாம்.

பதினைந்து நாள் உழைத்தவள் செல்வி; அவள் பரிசைத் தூக்கியெறிய நான் யார்? பொய்க்குப் பக்கத்தில் அவளை நிற்கவைக்கத்தான் நான் யார்? நான் முடிவெடுப்பதற்குள் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி முதல் குண்டூசியைப் பிடுங்கினாள். ஐந்து படங்களும் உரிய இடத்துக்குப் போயின. ஒரு நடுவர் பரிசு அட்டையைக் கழற்றிக்கொண்டு போனார். அவள் இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு யாராச்சும் இதைப் பார்த்துட்டுத் தப்பாப் படிச்சா, பக்கத்துல நின்னது நான்தானே மிஸ்?"

பேருந்து நிறுத்தம்

படங்களைச் சுமந்துவர எங்கள் பள்ளிப் பணியாளர் முனியம்மா வந்திருந்தார். சென்னீர்குப்பத்துக்காரர், பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் படித்ததில்லை. நான் பேருந்து நிறுத்தத்திலும் பொருமித் தீராததைக் கண்டு, "இன்னாத்துக்கு டீச்சர் சண்டை?" என்று கேட்டார். சிமெண்டு மேடையில் படங்களை என் வரிசைப்படி பரப்பினேன். பிறகு அந்தப் பொறுப்பாளரின் வரிசைப்படி மாற்றி வைத்தேன். முனியம்மா குனிந்து, நீலத்தின் மீதும் மஞ்சளின் மீதும் விரலை ஓட்டிப் பார்த்தார். "நீ வெச்சதுதான் சரி டீச்சர். எங்கூட்டாண்ட இருந்த ஏரியும் இப்டித்தான், தண்ணி கொறைய கொறைய ஊடு ஏறிக்கினே வந்துச்சு. அந்தாளு ஒட்டுனது, இருக்குற ஊட்டையெல்லாம் இடிச்சி ஏரி ஆக்குனாப்புல கீது!"

நடுவர் குழுவில் பட்டதாரிகள் மூவர் இருந்தார்கள். ஏரி வற்றியதைப் பார்த்தவர் ஒருவரும் இருக்கவில்லை.